பாரம் ஏற்றுகிறவர் யார்? மலைப்பாதைக் கழுதைகளும் அரசின் கடமையும்

ஜமுனாமரத்தூருக்குப் போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் இன்று பேருந்து ஏறிப் போய்விடலாம். ஜவ்வாது மலையின் சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் அங்கிருந்து வேனிலும் லாரியிலும் சமவெளிக்கு இறங்குகின்றன. ஆனால் மலை ஜமுனாமரத்தூரோடு முடிந்துவிடுவதில்லை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த மலைத்தொடரில், தார்ச்சாலை நின்று ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடங்கள் இன்னும் உண்டு. வேலூர்ப் பக்கத்து அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனை சேர்வதற்குள் இறந்தது. உடலைத் திரும்பக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதை இல்லாத இடத்தில் நின்றுவிட, தாய் குழந்தையைக் கையில் ஏந்தியபடி மீதித் தூரம் நடந்தார். வாணியம்பாடியை அடுத்த நெக்னாமலையில் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி இறக்கியதும் பல ஆண்டுச் செய்தி.

சக்கரம் நின்றாலும் சுமை நிற்பதில்லை. அது யாராவது ஒருவருடைய உடம்பின் மேல் ஏறுகிறது. ஜவ்வாது மலையில் அது பெரும்பாலும் மனித உடம்பு: தலைச்சுமை, தோள்சுமை, டோலி. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் வட்டாரத்தின் கோட்டூர் மலையில் அது கழுதையின் உடம்பு. கொடைக்கானல் மலைச்சரிவின் வெள்ளகவியிலும் போடிக்கு மேலே அகமலைப் பக்கத்து ஊர்களிலும் அது குதிரையின் உடம்பு. மனிதச் சுமையைப் பற்றியாவது நாம் அவ்வப்போது கோபப்படுகிறோம். விலங்கின் சுமையைப் படம் எடுத்துப் போடுவதோடு சரி.

அந்தப் படத்தைத் தமிழ் வாசகர்கள் எல்லாருமே பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தைய நாள் நாளிதழ்களில் வரும். வாக்குப்பதிவு இயந்திரப் பெட்டிகளைக் கழுதைகளின் முதுகில் கட்டி, போலீசும் தேர்தல் பணியாளர்களும் பின்னால் நடக்க, கோட்டூர் மலையின் கல்பாதையில் ஒரு வரிசை ஏறிக்கொண்டிருக்கும். ‘ஜனநாயகத்தைச் சுமக்கும் கழுதைகள்’ என்ற பாணியில் தலைப்பு இருக்கும். ஒரு வாக்கைக்கூட விட்டுவிடக் கூடாது என்று மலையேறும் அந்த நிர்வாகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் ஒரு உண்மை எல்லாருக்கும் தெரியும்படி நிற்கிறது, யாரும் அதைப் பேசுவதில்லை: அந்த நாளில் அந்தக் கழுதையை வேலைக்கு அமர்த்தியவர் அரசாங்கம்.

தேர்தல் நாளில் மட்டுமல்ல. சாலை இல்லாத மலையூருக்கு ரேஷன் அரிசி போக வேண்டும். தொகுப்பு வீடு கட்ட சிமென்ட் போக வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரம் இலேசான சாமான். அரிசி மூட்டையும் சிமென்ட் மூட்டையும் அப்படியல்ல. இரண்டும் மூட்டைக்கு 50 கிலோ. தேர்தலுக்கு ஒருமுறை இயந்திரம் சுமக்கும் கழுதை மற்ற நாளெல்லாம் இந்த மூட்டைகளைத்தான் சுமக்கிறது. அதற்குப் படம் இல்லை.

இந்த 50 கிலோ என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு சட்டத்துக்குப் போகலாம்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், இழுவை மற்றும் பொதி விலங்குகளுக்கென்று 1965இல் மத்திய அரசு தனி விதிகளை வகுத்தது. எந்த விலங்கு எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் பட்டியலே இருக்கிறது. கோவேறு கழுதைக்கு 200 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையே கூடாது. முள் வைத்த கோலும் முள் வைத்த சேணமும் கூடாது. அறுபது ஆண்டுக்கு முன் எழுதியதற்கு இது நல்ல விதிதான். எழுதியவர்கள் விலங்கைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

ஆனாலும் அதில் ஒரு பெரிய ஓட்டை. வண்டி இழுக்கும் விலங்குகளுக்கு அந்த விதி ஏற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம், அதுவும் 30 மீட்டருக்கு 3 மீட்டருக்கு மேல் உயரும் சரிவு என்றால் பாரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். முதுகில் சுமக்கும் விலங்குக்கு அப்படி ஒரு சலுகை எழுதப்படவில்லை. வண்டி போக முடியாத செங்குத்துப் பாதையில்தான் பொதிவிலங்கே போகிறது. அதற்குச் சமவெளியிலும் 50 கிலோ, கோட்டூர் ஏற்றத்திலும் 50 கிலோ. நம் ஊர்ச் சாம்பல் நிறக் கழுதை சிறிய பிராணி. நூறு கிலோவை ஒட்டிய உடல் எடைதான். தன் எடையில் பாதியை முதுகில் வைத்துக்கொண்டு கல்பாதையில் ஆறேழு கிலோமீட்டர் மலையேறுவதற்குச் சட்டம் அனுமதி தருகிறது.

அபராதம் இன்னும் மோசம். தாய்ச்சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. 1960இல் 50 ரூபாய் என்பது ஒரு தொகை. இன்று ஒரு நடைக்குக் கொடுக்கும் வாடகையில் அது ஒரு துளி.

ஆனால் அதே விதிகளில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அளவுக்கு மேல் பாரம் ஏற்றி விலங்கை ‘பயன்படுத்தவோ பயன்படுத்தச் செய்யவோ’ கூடாது என்கிறது விதி. தடை கழுதைக்காரர் மேல் மட்டும் இல்லை. வாடகை பேசி மூட்டையை ஏற்றச் சொல்கிறவர் மேலும் இருக்கிறது. ரேஷன் மூட்டையை அனுப்பும் அலுவலகமும் வீட்டுத் திட்டத்தின் ஒப்பந்ததாரரும் வாக்குச்சாவடிக்குப் பெட்டியை ஏற்றும் நிர்வாகமும் பயன்படுத்தச் செய்கிறவர்கள்தான். சட்டத்தை அமல்படுத்த வேண்டியவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டியவரும் ஒருவரே ஆகிவிட்ட நிலை இது. வண்டியிலோ விலங்கிலோ கூடுதல் பாரம் என்று சந்தேகப்பட்டால் எடை போட்டுப் பார்க்கச் சொல்லும் அதிகாரம் காவல் துறைக்கு உண்டு. மலையடிவாரத்தில் எடைமேடை எங்கே இருக்கிறது?

இனி அந்த முதுகைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

50 கிலோ மூட்டை ஒன்றே ஒன்று என்றால் அதை இருபக்கமும் பிரித்துத் தொங்கவிட முடியாது. முதுகுக்குக் குறுக்கே படுக்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். கழுதைக்கு முதுகெலும்பின் மேல் சதை கிடையாது. தோலுக்கு அடியில் நேரே எலும்பு முண்டுகள். மூட்டையின் முழு பாரமும் அந்த முண்டுகளின் மேல் உட்காருகிறது. அடியில் போடுவது மடித்த கோணி. அது வியர்வையில் நனைந்து, காய்ந்து, மடிப்பில் மடிப்பு ஏறிப் பலகைபோல் விறைத்துவிடும். ஏறும்போது மூட்டை பின்னுக்கு நழுவும், இறங்கும்போது முன்னுக்குத் தள்ளும். நழுவாமல் இருக்க மார்பிலும் வாலடியிலும் கயிறு கட்டுவார்கள். ஆகவே புண் வரும் இடங்கள் எல்லாக் கழுதைக்கும் ஒன்றேதான்: முதுகெலும்பின் உச்சி, முன்தோள், வயிற்றில் கயிறு அறுக்கும் இடம், வாலின் அடி. முதலில் மயிர் கொட்டும். பிறகு தோல் பளபளப்பாகும். பிறகு உரியும். உரிந்த மறுநாளும் அதே இடத்தில் அதே கோணி. ஈ முட்டையிட்டுப் புழு வைத்தபிறகுதான் அது ‘புண்’ என்று கணக்கில் வருகிறது.

இதைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். முதுகெலும்பின் மேல் பாரம் படாமல், நடுவில் ஒரு வாய்க்கால் விட்டு, இரு விலாப்பக்கத்துச் சதையின் மேல் பாரத்தை உட்காரவைக்கும் திண்டு வேண்டும். வைக்கோலும் சாக்கும் இருந்தால் ஊரிலேயே தைத்துவிடலாம். அதோடு, 50 கிலோ மூட்டையை அடிவாரத்திலேயே பிரித்து இரண்டு 20 கிலோ பைகளாக இருபக்கமும் தொங்கவிட வேண்டும். இதனால் ஒரு நடைக்கு 10 கிலோ குறையும். அந்த 10 கிலோவுக்கான வாடகையை யார் ஏற்பது என்பதுதான் உண்மையான கேள்வி. கழுதைக்காரர் ஏற்க முடியாது.

பாரம் இருபக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பது தமிழருக்குப் புதிதும் அல்ல. ஜவ்வாது மலைக்குக் கிழக்கே விரியும் தொண்டை நாட்டில், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமக்கும் கழுதைச் சாத்து (வணிகக் கூட்டம்) ஒன்று வருகிறது. சமமாகக் கட்டிய பொதியையும் நிமிர்ந்த காதையும் சொல்லும் புலவர், முதுகில் நிலைத்துப்போன தழும்பையும் சொல்கிறார். அந்த வழியில் காவல் இருந்தது, சுங்கமும் இருந்தது. கழுதை முதுகில் ஏறிய பாரத்தில் அரசு தன் பங்கை வாங்கிக்கொண்டது. இரண்டாயிரம் ஆண்டு பழைய பாட்டில் பதிவான அந்தத் தழும்பு அதே இடத்தில் இன்றும் இருக்கிறது.

கழுதையின் துன்பம் வெளியே தெரியாததற்கு அதன் உடற்கூறும் ஒரு காரணம். ஆப்பிரிக்காவின் வறண்ட கற்காடுகளில் தோன்றிய இனம் அது. வலியைக் காட்டிக்கொண்டால் வேட்டை மிருகத்துக்கு இரையாக வேண்டிய இடம். ஆகவே நொண்டும் குதிரையைக் கண்டுபிடிப்பது போல் நொண்டும் கழுதையைச் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. வயிற்றுவலி வந்த குதிரை புரளும், உதைக்கும். கழுதை தலையைத் தொங்கப்போட்டுச் சும்மா நிற்கும். பிடிவாதம் என்று அதற்கு அடி விழும். தீனி எடுக்காமல் ஓரிரு நாள் நின்றாலே உடம்பின் கொழுப்பு இரத்தத்தில் கலந்து ஈரலைக் கெடுத்துச் சாகடிக்கும் ஒரு கோளாறு கழுதைகளுக்கு வருகிறது. ‘நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது’ என்று உரிமையாளர் சொல்வது பொய்யல்ல. அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

குளம்பும் அப்படியே. வறண்ட நிலத்துக்கு ஏற்ற குளம்பு அது. ஈரத்தை உறிஞ்சி எளிதில் மெத்தென்று ஆகிவிடும். மழைக்காலத்தில் சேற்றிலும் தன் சாணத்திலுமே கட்டிப்போட்டால் அழுகல் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது குளம்பைச் சீவிவிட வேண்டும். கிண்டியில் பந்தயக் குதிரைகள் ஓடிய காலத்தில் அவற்றுக்குத் தனி மருத்துவர், தனி லாடக்காரர், தனி உணவுப் பட்டியல் எல்லாம் இருந்தன. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கிருந்து அதிக தூரமில்லை. குதிரையினங்களுக்கென்றே மத்திய அரசு 1985இல் அமைத்த ஆராய்ச்சி மையம் அரியானாவின் ஹிசாரில் இருக்கிறது. கோட்டூருக்கு இவையெல்லாம் எட்டாத உயரம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பழகிய உள்ளூர்க் கால்நடை மருத்துவரின் கை கழுதையின் குளம்பைத் தொடத் தயங்குவது இயல்புதான். வருடத்துக்கு எத்தனை கழுதை அந்த மருத்துவரிடம் வருகிறது?

வருவதற்குக் கழுதைகளே இல்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் 3 லட்சத்து 20 ஆயிரம் அளவில் இருந்த கழுதைகள், 2019இன் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் 1 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்தன. ஏழே ஆண்டில் 61 விழுக்காடு சரிவு. குதிரையும் மட்டக்குதிரையும் 45 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன, கோவேறு கழுதைகள் 57 விழுக்காடு. தமிழ்நாட்டில் எஞ்சியவை சுமார் 1,400 கழுதைகள்தான். சலவைத் தொழிலிலிருந்தும் உப்பு வணிகத்திலிருந்தும் கழுதை விடுபட்டுவிட்டது நல்லதுதான். ஆனால் எண்ணிக்கை குறையக் குறைய அதைச் சுற்றியிருந்த அறிவும் போய்விடுகிறது. திண்டு தைக்கத் தெரிந்தவர், குளம்பு சீவத் தெரிந்தவர், வாய் பார்த்து வயது சொல்லத் தெரிந்தவர் எல்லாம் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். மிச்சமிருக்கும் விலங்குகளின் மேல் பாரம் மட்டும் குறையவில்லை.

உலகக் கணக்கு வேறு மாதிரி. வேலை செய்யும் குதிரை, கழுதை, கோவேறு கழுதைகள் உலகம் முழுவதும் 10 கோடிக்கு மேல் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும். எத்தியோப்பியாவில் தண்ணீர்க் குடம் சுமப்பதும் பாகிஸ்தானில் செங்கல் சுமப்பதும் அவைதான். உலக விலங்கு சுகாதார அமைப்பு 2016இல்தான் வேலைக் குதிரையினங்களுக்கென்று தனி நெறிமுறையை ஏற்றது. வளர்ந்த விலங்குக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 6 மணி நேர வேலை, வாரத்தில் குறைந்தது ஒரு முழு நாள் ஓய்வு என்கிறது அது. நம் 1965 விதியின் 9 மணி நேரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலைக்காலம் முடிந்தபின் அந்த விலங்குக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அந்த நெறிமுறை கேட்கிறது. நம் விதிகளில் அந்தக் கேள்வியே இல்லை.

இந்தத் துறையில் முன்னோடியான ஒரு முயற்சியின் வரலாறு நமக்கு உதவும். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் படை எகிப்தில் விட்டுப்போன குதிரைகள் கெய்ரோத் தெருக்களில் வண்டி இழுத்து நொந்துகொண்டிருந்தன. 1930இல் அங்கே வந்த டோரதி புரூக் அவற்றைக் கண்டு, மறுஆண்டு ஒரு லண்டன் நாளிதழுக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டினார். ஆயிரக்கணக்கான கிழக் குதிரைகளை விலைக்கு வாங்கினார். 1934இல் கெய்ரோவில் மருத்துவமனை தொடங்கினார். ‘புரூக்’ என்று இன்று உலகெங்கும் இயங்கும் அமைப்பு அதுதான், இந்தியாவிலும் இருக்கிறது. அவர் செய்தது பெரிய கருணை. ஆனால் விற்றவர் அடுத்த விலங்கை வாங்கி அதே வண்டியில் பூட்டத்தானே வேண்டியிருந்தது? மருத்துவமனையில் புண்ணை ஆற்றி அனுப்பினால் அதே சேணம் அடுத்த மாதம் அதே புண்ணைத் திருப்பித் தரும். பல பத்தாண்டு அனுபவத்தில் அந்த அமைப்பு உரிமையாளரின் வீட்டுக்கே போகக் கற்றுக்கொண்டது.

வட இந்தியாவின் செங்கல் சூளைகளில் குதிரையும் கோவேறு கழுதையும் வைத்திருப்பவர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்தார்கள். நம் மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் போல் அவர்கள் சேமிக்கிறார்கள், தீவனத்தையும் ரணஜன்னித் தடுப்பூசியையும் மொத்தமாக வாங்குகிறார்கள். கூட்டத்தில் ஒரு பயிற்சி உண்டு: ‘நான் குதிரையாக இருந்தால் என் எஜமானிடம் என்ன கேட்பேன்?’ என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். தண்ணீர், நிழல், புண் ஆறும் வரை விடுப்பு என்று பட்டியலை அவர்களே போடுகிறார்கள். பிறகு ஒருவர் விலங்கை மற்றவர் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். இந்த அனுபவங்களைத் தொகுத்து 2011இல் ஒரு கையேடும் வந்தது. இதில் எனக்குப் பிடித்தது, உரிமையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் தொடங்குவது. ஒரே ஒரு கழுதையை நம்பி வாழும் குடும்பத்துக்கு அதன் புண் அவர்களுடைய பட்டினி. அதை அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓய்வு கொடுக்க முடியாத நிலையில் அவர்களை வைத்திருப்பது எது என்று பார்க்க வேண்டும்.

வெள்ளகவியில் கணக்கு வேறாக இருக்கிறது. கும்பக்கரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில், மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வருவதற்கு முன் வெள்ளைக்காரர்கள் அந்த வழியாகத்தான் டோலியிலும் குதிரையிலும் ஏறினார்கள். சாலை வேறு திசையில் போனது, ஊர் பாதையிலேயே நின்றுவிட்டது. காப்பியும் எலுமிச்சையும் இறங்க வேண்டும், அரிசியும் எண்ணெயும் ஏற வேண்டும், எல்லாம் குதிரை முதுகில்தான். மட்டக்குதிரைக்குச் சட்டம் தரும் அளவு 70 கிலோ. விளைச்சலுக்குக் கீழே நல்ல விலை கிடைத்தால் குதிரை வாடகையைத் தாங்கலாம். விலை விழுந்தால் நடையைக் குறைக்க வேண்டும், நடையைக் குறைத்தால் ஒவ்வொரு நடையிலும் பாரம் கூட வேண்டும். கமிஷன் மண்டியில் எலுமிச்சை விலை இறங்கும்போது அதன் எடை மலையில் ஒரு குதிரையின் முதுகில் ஏறுகிறது. விலங்கு நலத்தையும் விவசாயி நலத்தையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கும்வரை இது அதிகாரிகள் கண்ணில் படாது.

ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் மெரினாவிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகள் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. வேலை முடிந்த குதிரைகளைத் தெருவில் விடுவதும் அவை குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக் தின்று வயிறு கட்டிச் சாவதும் சுற்றுலா ஊர்களின் பழைய புண். அங்கே குறைந்தபட்சம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நீலகிரியில் சிகிச்சை தரும் தன்னார்வ விலங்கு மருத்துவ மையங்களும் இருக்கின்றன. பார்க்கும் கண்கள் இருந்தும் போதாது என்பதற்குக் கேதார்நாத் சாட்சி. 2022 யாத்திரைக் காலத்தில் அந்த மலைப்பாதையில் கோவேறு கழுதைகள் கூட்டமாகச் செத்து, வழக்கு உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் வரை போனது. லட்சக்கணக்கான பக்தர்கள் நடந்த பாதை அது. ஆனால் ஒரே நாளில் இன்னொரு நடை என்று கேட்பதும் அந்தப் பக்தர்கள்தானே.

சாலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? மலைமக்களுக்குச் சாலை வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கழுதையின் சுமையைக் காட்டிச் சாலையைத் தள்ளிப்போடுவதும், சாலை வரும் என்று சொல்லிக் கழுதையை மறப்பதும் ஒன்றுபோல் தவறு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால் சாலை போன்ற பொதுத் தேவைக்கு ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குள் வனநிலத்தை விட வழி செய்திருக்கிறது. அதை முழுவதும் பயன்படுத்தினாலே பல மலையூர்களின் டோலி இறங்கிவிடும். ஆனால் சாலை வந்த மறுநாள் அந்தப் பொதிவிலங்கு என்னவாகும் என்று இன்றே கேட்டுவைக்க வேண்டும்.

விடையை அறிய மன்னாரைப் பார்த்தால் போதும். இலங்கையின் அந்தத் தமிழ்த் தீவில் அரபு வணிகர் காலத்திலிருந்து கழுதைகள் சுமந்தன. லாரியும் டிராக்டரும் வந்தபின் யாருக்கும் வேண்டாதவையாகி, தெருக் கழுதைகளாகப் பெருகின. இரவில் சூட்டுக்காகத் தார்ச்சாலையில் படுத்து வண்டியில் அடிபடுகின்றன. மீன்வலைக் கயிறும் பிளாஸ்டிக்கும் காலிலும் கழுத்திலும் இறுகிப் புண்ணாகின்றன. ‘பிரிட்ஜிங் லங்கா’ என்ற அமைப்பு அங்கே கழுதைகளுக்கென்றே ஒரு மருத்துவ, கல்வி மையத்தை அமைத்தது. குழந்தைகளும் மாற்றுத்திறனாளிகளும் கழுதைகளோடு பழகவும், வெளியூரார் வந்து பார்க்கவும் ஏற்பாடு செய்தது. ஊர் தொல்லையாக நினைத்த விலங்கை ஊரின் அடையாளமாக மாற்றப் பார்த்தார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாவிட்டாலும், சுமை இறங்கியபின் விலங்குக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்று தமிழ் பேசும் ஓர் ஊர் யோசித்துப் பார்த்திருக்கிறது.

யோசிக்காவிட்டால் சந்தை யோசிக்கும். சீனத்தில் ‘எஜியாவோ’ என்ற மருந்துப் பொருள் கழுதைத் தோலைக் காய்ச்சிச் செய்யப்படுகிறது. ஆண்டுக்கு ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான தோல்கள் அதற்குத் தேவைப்படுவதாக, 1969இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘டாங்கி சாங்சுவரி’ மதிப்பிடுகிறது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் இரவோடிரவாகக் கழுதைகள் திருடுபோயின. தண்ணீர் சுமந்த கழுதை போனபின் அந்தக் குடம் பெண்களின், சிறுமிகளின் தலைக்கு ஏறியது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் கண்டம் முழுவதும் தோலுக்காகக் கழுதையை வெட்டுவதற்குத் தடை விதித்தது. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் கழுதை இறைச்சி வியாபாரம் பலமுறை செய்தியானது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கழுதை உணவுக்கான விலங்கே அல்ல. 1,400 கழுதை மிஞ்சிய மாநிலத்தில் வேலை இழந்த கழுதைக்கு வாங்குபவர் கிடைப்பது கடினமல்ல, என்ன செய்ய வாங்குகிறார் என்று கேட்பவர்தான் இல்லை.

2017இல் ஜல்லிக்கட்டுக் காளைக்காகத் தமிழ்நாடே தெருவில் நின்றது. நாட்டு மாட்டின் மேல் இருந்த அந்த அக்கறை உண்மையானது. அந்த அக்கறையில் ஒரு பங்காவது ஓட்டுப்பெட்டி சுமந்த விலங்குக்கு உரியதல்லவா? இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாவட்ட நிர்வாகம் ஒரு சுற்றறிக்கையில் செய்து முடிக்கக்கூடியவை இவை. அரசுப் பொருளைச் சுமக்கும் கழுதைக்கு ஏற்றப் பாதையில் 40 கிலோவுக்கு மேல் கூடாது, வண்டிக்குள்ள பாதிக் கணக்கைப் பின்பற்றி 25 என்று வைத்தால் இன்னும் நல்லது. குறைந்த பாரத்துக்கான கூடுதல் வாடகையை அரசே கொடுக்க வேண்டும். மூட்டையை அடிவாரத்தில் சிறு பைகளாகப் பிரிக்க வேண்டும். தராசும் திண்டும் ரேஷன் கடைச் செலவில் சேர வேண்டும். ‘1962’ என்ற எண்ணில் கூப்பிட்டால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தி இரண்டு மாதத்துக்கு ஒருநாள் மலையடிவாரத்தில் நின்று குளம்பு பார்த்து, ரணஜன்னி ஊசி போட வேண்டும். புண்பட்ட கழுதை ஆறும்வரை நிற்கும் நாள்களுக்கு உரிமையாளருக்கு ஓய்வுக் கூலி தர வேண்டும். இந்தக் கடைசி ஒன்று இல்லாமல் மற்றவை எல்லாம் தாளில் நிற்கும். தமிழ்நாட்டில் அரசுச் சுமை சுமக்கும் பொதிவிலங்குகளின் மொத்த எண்ணிக்கைக்கு இது பெரிய தொகையும் அல்ல.

தேர்தல் ஆணையம் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் சாய்தளம், குடிநீர், நிழல் இருக்க வேண்டும் என்று பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில், பெட்டி சுமக்கும் விலங்கை முந்தைய நாள் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கட்டும். அடுத்த தேர்தலுக்கு முந்தைய நாள் அந்தப் படம் நாளிதழில் வரும்போது, அந்த வரி சேர்ந்துவிட்டதா என்று உங்கள் மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.